புகை நிறுத்த ஆலோசனை: மாணவர் தயார்நிலை மதிப்பீடு

மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், பார்மசி பயிலும் மாணவர்கள், புகைப்பழக்கத்தை விட நினைப்போருக்கு உதவத் தேர்ந்திருக்கிறார்களா என்று அளந்தறியும் முறை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2005இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு, இந்தியாவிலும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் வினாத்தாள் வழியே நடந்தது. பயிற்சி தேவை என்றவர்கள் மிகப் பலர். முறையாகப் பெற்றவர்கள் சிலரே.

வினாத்தாள் மனப்போக்கைக் காட்டும், திறமையைக் காட்டாது. திறமையை நோயாளி முன்னால்தான் பார்க்க வேண்டும். லாரித் தொழில் செறிந்த நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் இரவெல்லாம் வண்டி ஓட்டுபவர் தூக்கத்தை விரட்டப் பீடி பற்றவைக்கிறார் என்று கொள்வோம். “விட்டுடுங்க அண்ணே” என்பதோடு மாணவர் நிறுத்திக்கொண்டால் அது ஆலோசனையே அல்ல. “காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி?” என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் என்றால், நிக்கோட்டின் அடிமைத்தனத்தை அளக்கும், 10 மதிப்பெண் கொண்ட ஃபாகர்ஸ்ட்ராம் அளவீட்டில் அந்த ஒரு பதிலுக்கே 3. சிகரெட்டுக்கென அமைந்த அந்த அளவீட்டைப் பீடிக்கேற்ப மாற்றிக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்துக்கு மாற்றுவழி, நிக்கோட்டின் சூயிங்கம், 1800-11-2356 என்ற தேசிய உதவி எண், மறுபடி வரவேண்டிய நாள் ஆகியவற்றை மாணவர் சொல்கிறாரா என்பதும் செய்முறைத் தேர்வில் மதிப்பிடத் தக்கது.