தந்தி முதல் வைஃபை வரை: கடலில் யாருக்கு முதலில் லைன் கிடைத்தது?

"நடுக்கடலில் இருந்துகொண்டு வீடியோ காலில் பேசுகிறார்களே, அது எப்படி?" என்று நம் ஊர் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. 1974 முதல் 1998 வரை சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. 'எப்படி' என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். அந்த வசதி சாதாரணக் கப்பல் தொழிலாளியின் கைக்கு வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கடலில் கம்பியில்லாத் தந்தி ஆரம்ப காலத்திலேயே உயிர் காக்கப் பயன்பட்டது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் என்ற மணல்திட்டு உண்டு. அங்கே எச்சரிக்கை விளக்கோடு நிற்கும் ஒரு கப்பலில் 1898 டிசம்பரில் மார்க்கோனியின் ஆட்கள் கருவியைப் பொருத்தினார்கள். 1899 ஏப்ரலில் வேறொரு கப்பல் அந்த விளக்குக் கப்பலின் மேலேயே மோதிவிட்டது. உடனே அங்கிருந்து கரைக்குத் தந்தி பறந்தது, உதவி வந்தது.

ஆனால் சீக்கிரமே அது பணம் பார்க்கும் தொழிலாகவும் ஆனது. பெரிய பயணிகள் கப்பல்களில் இருந்த தந்தி ஆபரேட்டர்கள் மார்க்கோனி கம்பெனியின் ஊழியர்கள். பணக்காரப் பயணிகள் அனுப்பும் வாழ்த்துத் தந்திகளும் வியாபாரத் தந்திகளும்தான் வருமானம். 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ், குவிந்து கிடந்த பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலிலிருந்து பனிக்கட்டி பற்றித் தகவல் வந்தபோது, குறுக்கே வராதே என்று சொல்லிவிட்டார். அந்தக் கப்பலில் இருந்ததோ ஒரே ஓர் ஆபரேட்டர். அவரும் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார். சற்று நேரத்தில் டைட்டானிக் மோதியது. அதன் அபாயக் குரல் பக்கத்துக் கப்பலின் காதில் விழவில்லை. தொலைவில் இருந்த கார்பேதியா கேட்டு ஓடிவந்ததால்தான் 700க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். அதன் பிறகே கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் 1914இல் உருவானது.

என் காலத்துக்கு வருகிறேன். ரேடியோ அறைக் கடிகாரத்தில் இரண்டு இடங்களில் சிவப்புப் பட்டை போட்டிருக்கும். மணிக்கு இரண்டு முறை, 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும் 45இலிருந்து 48 வரையும், 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பலவீனமான எஸ்.ஓ.எஸ். குரல் எங்காவது கேட்கிறதா என்று உலகத்து ரேடியோ ஆபீசர்கள் எல்லோரும் காது கொடுத்துக் காத்திருக்கும் மூன்று நிமிடங்கள் அவை.

மற்ற நேரத்தில் கரை நிலையங்கள், தந்தி வந்திருக்கும் கப்பல்களின் அடையாள எழுத்துகளை வரிசையாக அனுப்பும். சென்னை நிலையத்துக்கு வி.டபிள்யூ.எம். என்று பெயர். நம் கப்பலின் எழுத்து வந்தால், பெரும்பாலும் கம்பெனியின் உத்தரவாக இருக்கும். வீட்டிலிருந்து வருவது அபூர்வம். வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் வந்தாலும் நாலைந்து வார்த்தைதான். ஒருமுறை அரபிக்கடலில், ஒரு கலாசியின் தாயார் காலமான செய்தியை நான் எழுதி எடுத்தேன். எழுத்து எழுத்தாக அது காகிதத்தில் இறங்கும்போது அந்தப் பையன் வெளியே தளத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றான். அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கேப்டனிடம் காட்டிவிட்டு, சராங்கைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். பதிலுக்கு அவன் ஊருக்கு அனுப்பச் சொன்னது மூன்றே வார்த்தை.

இதற்கு மாற்று அப்போதே வானத்தில் இருந்தது. 1976இல் மாரிசாட் என்ற பெயரில் கப்பல்களுக்கான செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. 1979இல் இன்மர்சாட் அமைப்பு லண்டனில் தொடங்கி, 1982இல் சேவைக்கு வந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை இந்தச் செயற்கைக்கோள்கள். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆன்டெனா அந்தப் புள்ளியை விடாமல் பார்க்க வேண்டும். அதற்காக அதைத் தானாகத் திரும்பும் பீடத்தில் வைத்து, மேலே வெள்ளைக் குடம் போல ஒரு கூடு போட்டு மூடியிருப்பார்கள். தொலைபேசி தெளிவாகக் கேட்டது. ஆனால் நான் இருந்த கப்பலில் நிமிடத்துக்குப் பத்து டாலர் பிடித்தார்கள். கலாசி எங்கே பேசுவது? கம்பெனிக்காகக் கேப்டன் பேசுவார், அவ்வளவுதான்.

1999 பிப்ரவரி 1 முதல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் செய்தி போய்விடும், மோர்ஸ் தெரிந்த ஆள் தேவையில்லை. எங்கள் உத்தியோகம் அதோடு முடிந்தது. அது சரியான மாற்றம்தான். தூங்கப் போகும் மனிதனை நம்பியிருப்பதைவிட, தூங்காத கருவி மேல். ஆனால் அப்போதும் கப்பலுக்கு வந்த மின்னஞ்சல் அலுவலகத்தின் மின்னஞ்சலாகத்தான் இருந்தது.

2007இல் வந்த இன்மர்சாட்டின் அகன்ற அலை இணைப்பு வினாடிக்கு அதிகபட்சம் 432 கிலோபிட் கொடுத்தது. அதைத்தான் கப்பல் முழுவதும் பங்கு போட வேண்டும். பிறகு மாதக் கட்டணத்தில் வி-சாட் வந்தது. அதற்குப் பிறகுதான் பல கப்பல்களில் வைஃபை. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கப்பல் என்பது இரும்புப் பெட்டிகளின் அடுக்கு. பிரிட்ஜில் வைத்த ரவுட்டரின் அலை, கீழ்த்தள அறைக்கு இறங்காது. ஒவ்வொரு தளத்துக்கும் கேபிள் இழுத்துத் தனித்தனி வைஃபை பெட்டி வைக்க வேண்டும். மேலே ஆன்டெனாவைப் புகைபோக்கியும் மாஸ்ட்டும் மறைக்காத இடத்தில் நிறுத்த வேண்டும், அல்லது இரண்டு ஆன்டெனா வைக்க வேண்டும். எல்லாம் செலவு. ஆபீசர்களின் தளத்தோடு கேபிள் நின்றுபோன கப்பல்கள் உண்டு என்று இப்போது கடலில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் கப்பல்களில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டோடு பேசுவது ஆடம்பரம் அல்ல என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 2022இல் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். இயன்றவரை கப்பலில் இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்ற அந்தத் திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. அதே 2022இல் ஸ்டார்லிங்க் கப்பல்களுக்கு வந்தது. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் பேச்சில் தாமதம் தெரிவதில்லை. சட்டமும் கருவியும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. முதல் செயற்கைக்கோள் போய் 46 ஆண்டு கழித்து!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அது அபாயக் கருவிக்கு மாற்று ஆகாது. கப்பலில் மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். அபாயக் கருவிக்குத் தனி பேட்டரி உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது.

கப்பல் தொழிலாளிக்கு லைன் கிடைத்துவிட்டது. வரிசையில் கடைசியாக நின்றவர் நம் மீனவர். கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினாலே செல்போன் செத்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தொழிலுக்குப் போயிருந்த கன்னியாகுமரிப் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் ரேடியோவும் டிவியும் அலறியும் பயனில்லாமல் போயிற்று. திரும்பி வராதவர்களின் வீடுகள் நமக்குத் தெரிந்த வீடுகள்.

ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. அதில் வீடியோ கால் வராது, சின்னச் சின்னச் செய்திகள்தான் போகும், வரும். அது போதும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ படகு வைத்திருப்பவர் இருந்தால், கருவி பொருத்தியாயிற்றா என்று கேளுங்கள். பொருத்தியிருந்தால், அதில் செய்தி அனுப்பத் தெரியுமா என்றும் கேளுங்கள். புயல் இல்லாத நாளில் ஒருமுறை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.