‘பாலன்’ படத்துக்கு முன்னால் ஒரு ரோசி



நாம் கூடியிருக்கும் இந்த அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவான இடம். இன்று மிஞ்சி நிற்பது வளைவுதான். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் இங்கிருந்துதான் வெளிவந்தது என்று சேலத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வோம். பெருமை நியாயமானதே. ஆனால் ‘முதல் பேசும் படம்’ என்பது மெல்ல ‘முதல் படம்’ என்றே ஆகிவிட்டது. அதற்கு முன்பே ஒரு மௌனப் படத்தில் கதாநாயகியாக நடித்த தலித் பெண் பல பத்தாண்டுகள் யார் நினைவிலும் இல்லாமல் போனார். இன்று பேச வந்தது அவரைப் பற்றி.

ராஜம்மா என்கிற பி.கே.ரோசி புலையர் சாதியில் பிறந்தவர். புல்லறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி.டேனியல், நிலத்தை விற்று எடுத்த ‘விகதகுமாரன்’ படத்தில் அவரைக் கதாநாயகி ஆக்கினார். வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது 1928இலா 1930இலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கொட்டகையில் கலவரம் மூண்டதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு புலையப் பெண் நாயர் வீட்டுப் பெண்ணாக வருவதா என்று ஆதிக்கச் சாதியினர் கொதித்தார்கள். கதாநாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடும் காட்சியில் திரையின் மீது கல் விழுந்ததாகச் சொல்கிறார்கள். ரோசியின் குடிசை கொளுத்தப்பட்டது. அவர் ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்தார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார். அதன் பின் நடிக்கவே இல்லை. படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை.

இதோடு கறுப்பின மக்களின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்ப்போம். 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். ‘கான் வித் த விண்ட்’ படத்தில் அவருக்குக் கிடைத்தது பணிப்பெண் வேடம். விருது விழாவில்கூட அவரை மற்ற நடிகர்களோடு உட்காரவைக்காமல் தனி மேசையில் உட்காரவைத்தார்கள். ரோசியும் வேலைக்காரியாக நடித்திருந்தால் கல் விழுந்திருக்காது என்றே நினைக்கிறோம். திரையில் நம்மைப் பார்ப்பதில் அவர்களுக்குச் சங்கடமில்லை, வேடம் மாறினால்தான் கலவரம்.

மற்றது, அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் மறுக்கப்பட்டது. 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று அவர் லிங்கன் நினைவிடத்தின் முன் திறந்தவெளியில் பாடினார். கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர். குரல் அவருடையது. ஆனால் அந்த மேடை தானாக எழவில்லை. கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்ட் இருந்தது, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் இருந்தது, மறுத்த அமைப்பிலிருந்து விலகிய எலினோர் ரூஸ்வெல்ட்டும் இருந்தார். சாலையில் நடக்கவும் பள்ளியில் சேரவும் அய்யன்காளி போராடிய அதே திருவிதாங்கூரில், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, ரோசிக்கு அப்படி ஒரு மேடை அமையவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு லாரி.

டேனியலும் வறுமையில் வாடி 1975இல் இறந்தவர்தான், அவர்மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை. 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு விருது தருகிறது. 2013இல் வந்த ‘செல்லுலாய்ட்’ படமும் அவர் கதையாகவே இருந்தது, ரோசி அதில் ஒரு பகுதி. ரோசியின் பெயரில் மலையாளத் திரைப்படப் பெண்கள் ஒரு திரைப்படக் கழகம் தொடங்க 2019 ஆயிற்று. பின்னர் சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியது.

இதெல்லாம் பழங்கதை என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு உலகமெல்லாம் ஒலித்த 2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டை எழுதிப் பாடியவர் அறிவு. பாட்டைக் கொண்டாடிய ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. இம்முறை மட்டும் ஒன்று வேறாக நடந்தது. பா.ரஞ்சித் முதலாகப் பலர் உடனே கேள்வி கேட்டார்கள், பிறகு அறிவு படத்தோடு இணைய அட்டை ஒன்று வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஏறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் நிகழ்ச்சி நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு சத்தமாக எழுந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகம்தான்.

மறுபடி நம் வளைவுக்கு வருவோம். அதற்குள் போய் மரம் அறுத்தவர்கள், விளக்குத் தூக்கியவர்கள், கூட்டக் காட்சியில் நின்றவர்கள், பறை அடித்தவர்கள் யார் யார்? அவர்களில் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்? டைட்டில் கார்டில் தேடிப் பயனில்லை. வீடுகளில்தான் தேட வேண்டும். உங்கள் தாத்தாவோ அப்பாயியோ அங்கே வேலை பார்த்திருந்தால் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பின்வரிசை மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், ஊர், செய்த வேலை, இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். போட்டோ இருந்தால் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள்.