பல்கனியோடு வந்த பேரரசி

1990இல் பிரான்சின் சென்-நசேர் கட்டுந்துறையிலிருந்து வெளியேறியபோது அந்தக் கப்பலுக்கு 'நோர்டிக் எம்பிரஸ்' என்று பெயர். பாடகி குளோரியா எஸ்தஃபான் பெயர் சூட்டினார். நீளம் 211 மீற்றர். மயாமியிலிருந்து பஹாமாஸ் போய் மூன்று நான்கு இரவுகளில் திரும்புவோருக்கென்றே கட்டியது. அவர்களுக்குக் கடலைவிடக் கசினோவும் ஆட்டமேடையும்தான் வேண்டும் என்று கட்டியவர்கள் கணக்குப் போட்டார்கள். அதனால் கப்பலின் அழகெல்லாம் உள்ளே இருந்தது. பல்கனி வைத்த அறைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை.

காலம் எதிர்ப்பக்கம் போனது. அலாஸ்காவின் பனியாறுகளையும் நோர்வேயின் மலைமுகங்களையும் தம் அறையிலேயே, தேநீரும் கையுமாக, யாரோடும் இடிபடாமல் பார்க்க விரும்பினார்கள் பயணிகள். புதிய கப்பல்களின் பக்கவாட்டில் பல்கனிகள் வரிசைவரிசையாக முளைத்தன. 'எம்பிரஸ்' சிறுத்துப்போனது. 2004இல் 'எம்பிரஸ் ஒவ் த சீஸ்' ஆனது. 2008இல் ஸ்பானியக் கம்பனியிடம் போய் வெறும் 'எம்பிரஸ்' ஆனது. 2016இல் அதை முதலில் ஓட்டிய கம்பனிக்கே திரும்பி, அடுத்த ஆண்டு ஹவானாவுக்குப் பயணிகளை ஏற்றிப் போனது. 2019இல் அமெரிக்கா கியூபாப் பயணங்களை நிறுத்தியது. மறு ஆண்டு கொரோனா வந்து உலகின் சொகுசுக் கப்பல்களையெல்லாம் கட்டிப் போட்டது. அந்த ஆண்டு முடிவில் இந்தியாவின் கோர்டீலியா நிறுவனம் அதை வாங்கியது.

2021 செப்டெம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்டபோது முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். புதுச்சேரியிலோ கசினோ கப்பலுக்கு இங்கே இடமில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. முப்பது வருடம் முன்பு கட்டியவர்கள் போட்ட கணக்கு வங்கக் கடல்வரை கூடவே வந்திருந்தது.

2023 ஜூன் 5இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பயணங்கள் ஆரம்பமாயின. ஜூன் 16இல் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அந்தத் துறைமுகத்தில் போரில் மூழ்கிய கப்பல்களை இந்தியா அகற்றிக் கொடுத்து பதினொரு வருடம் கடந்திருந்தது. நீண்ட காலம் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்த கரைக்குச் சொகுசுக் கப்பல் வந்தது யாழ்ப்பாணத்தாருக்குப் பெரிய புதினம்.

பல்கனிக்காரருக்கு அங்கே தெரிவது பனைமரக் கோடு. மேற்கே காரைநகர், அதற்கப்பால் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு. அந்தப் பக்கம் இந்தக் கப்பல் போகமுடியாது. ஏழு மீற்றர் அளவுக்குத் தண்ணீருக்குள் அமிழும் உடம்பு அதற்கு. தீவுகளைச் சுற்றியதோ மணல்திட்டும் முருகைக்கல்லுமான ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் பாக்கு நீரிணையைக் கடப்பதற்காக 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய் பாதியில் நின்றுபோனது. அது முடிந்திருந்தால் பல்கனிகள் நெடுந்தீவுக்கு மேற்கே நகர்ந்து போயிருக்கும். கடலடிச் சேறு கலங்கி, மீன்களும் மீனவர்களும் அதற்கு விலை கொடுத்திருப்பார்கள்.

தீவுகளைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏற வேண்டும். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் நயினாதீவுக்குக் கால் மணி நேரம். நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையும் ஒரே கரையில் எழுந்து வரும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. முன்தட்டில் இடம் கிடைத்தால் அதுதான் பல்கனி. அரிசி மூட்டைக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் நடுவே, சோளகக் காற்று அள்ளிவீசும் உப்புத்தண்ணீரில் நனைந்தபடி பார்க்க வேண்டும். தீவு தட்டையானது, கிட்டப் போனால்தான் தெரியும். இறங்கினால் முருகைக்கல் வேலிகள், வெளிகளில் தானாக மேயும் குதிரைகள், பெருக்கமரம். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப்பெயர்களைத் தீவுகளுக்கெல்லாம் வைத்தார்கள்; வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம். அவற்றில் இன்றும் புழங்குவது நெடுந்தீவின் 'டெல்வ்ற்' ஒன்றுதான்.

இந்தக் கடலில் ஓடிய குமுதினிப் படகுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த அதை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர்தான் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 36 பேர் என்று நெடுந்தீவு ஆண்டுதோறும் நினைவுகூருகிறது. படகைத் திருத்தி மறுபடியும் சேவையில் விட்டார்கள். எம்பிரஸ் கைமாறியபோதெல்லாம் பெயர் மாறியது. குமுதினி அதே பெயரோடு, அதே வழியில், பள்ளிக்கூட ஆசிரியரையும் நோயாளியையும் ஏற்றி ஓடியது.

பல்கனியில் இருந்து பார்ப்பதில் தப்பில்லை. உழைத்துக் களைத்தவருக்குக் கடல் வெறும் காட்சியாக ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தீவாருக்குக் கடல்தான் தெரு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அதுதான். உல்லாசப் பயணத்துக்காகக் காங்கேசன்துறையில் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு, எந்தக் காற்றிலும் நேரத்துக்குப் புறப்படும் படகுகளாகக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். அந்தப் படகில் நெடுந்தீவுக் கர்ப்பிணியும் போவாள். கப்பலால் இறங்கி வந்த விருந்தாளியும் போவார். அவர் பல்கனியில் தவறவிட்டதை முன்தட்டில் பார்த்துக்கொள்ளலாம்.