மண்பாண்டத்தில் வைத்த பத்திரங்கள்

எரேமியா 32ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசி தாம் வாங்கிய நிலத்தின் கிரயப்பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் கட்டளையிடுகிறார். அவை நெடுநாள் நிலைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் காக்கப்படும் ஏடுகள் பிற்காலத்தில் யாருக்காகச் சாட்சி பகரும் என்பதைக் காப்பவர் அறியார். அமெரிக்கத் தென்மாநிலமாகிய ஜார்ஜியாவின் வழக்கறிஞர் குடும்பம் ஒன்றின் ஏடுகள் இதற்குச் சான்றாகும்.

சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் (1804-1863) பிரெஸ்பிட்டேரியன் போதகர். கொலம்பியா இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்தவர். லிபர்ட்டி கவுண்டியில் மூன்று பண்ணைகளுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கும் உரிமையாளராக இருந்தார். அடிமைகளுக்கு மறைக்கல்வி அளிப்பதையே தமது சிறப்பூழியமாகக் கொண்டு, 1842இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். அவருடைய பெயரையே தாங்கிய மூத்த மகன் (1831-1893) ஹார்வர்டில் சட்டம் பயின்று, சவானாவில் வழக்கறிஞராகி, 1860இல் அந்நகர மேயரானார். பிற்காலத்தில் ஜார்ஜியாவின் வரலாற்றை எழுதிய அவர், பழைய கையெழுத்துப் பிரதிகளையும் ஆர்வத்தோடு சேகரித்தார்.

இக்குடும்பத்தின் கடிதங்களும் தொழில்சார் ஏடுகளும் இன்று டுலேன், ஜார்ஜியா, டியூக் ஆகிய பல்கலைக்கழகங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 1200 கடிதங்களைத் தெரிந்தெடுத்து, ராபர்ட் மேன்சன் மையர்ஸ் 1972இல் பெருநூலாகப் பதிப்பித்தார்.

கடிதங்களில் நாம் காண்பது பக்தியும் பாசமும் நிறைந்த இல்லம். அதே இல்லம், ஃபீபி, காசியஸ் என்னும் தம்பதியரையும் அவர்கள் குடும்பத்தினரையும் விற்றது. 1857இல் அவ்விருவரும் நியூ ஆர்லியன்ஸிலிருந்து தம் உற்றாரை விசாரித்து எழுதுவித்த கடிதம், விற்றவர்களின் ஏடுகளிடையே தப்பிப் பிழைத்தது. குடும்பப் பெருமைக்கு ஒவ்வாதவை என்று சந்ததியார் சில தாள்களைக் களைந்திருப்பின், அவ்விருவரின் குரல் நமக்கு எட்டியிராது. கொலம்பியா கல்லூரியிலேயே ஆசிரியராயிருந்த எர்ஸ்கின் கிளார்க், ஆண்டான் குடும்பத்தின் வரலாற்றோடு அடிமைக் குடும்பங்களின் வரலாற்றையும் இணைத்து 2005இல் எழுத இவ்வேடுகளே துணைநின்றன.

வழக்கறிஞரின் தொழில் ஏடுகளுக்குத் தனி மதிப்புண்டு. உயில்களும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களும் பொருளைக் கணக்கிடவே எழுதப்பட்டன. ஆனால் அடிமைகளின் பெயர்களை இன்று அவற்றிலேதான் பலர் தேடிக் கண்டடைகின்றனர். ஆதலால் ஆவணக் காப்பாளர் ஏடுகளின் மூல வரிசையைக் குலைப்பதில்லை. துருவேறும் ஊசிகளை அகற்றுவர். அமிலமற்ற உறைகளில் இட்டு, ஈரமும் பூச்சியும் அணுகாமல் காப்பர். கட்சிக்காரரின் இரகசியம் அடங்கியவற்றை அழித்துவிடாமல், குறித்த காலம்வரை மூடி வைப்பர். எரேமியாவின் பாண்டத்திலும் முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமும் சேர்ந்தே இருந்தன அல்லவா?

போதகர்களாகிய நம்மிடமும் சபைப் பதிவேடுகளும் முன்னோரின் கடிதங்களும் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நமக்கு நாணம் தருவதை நெருப்பிலிட நம்மை ஏவுவது பெரும்பாலும் பக்தியன்று, பயமே. மறைக்கல்வி தந்த கை விற்பனைச் சீட்டும் எழுதியது என்பதை அறியும் திருச்சபையே மெய்யாக மனந்திரும்ப இயலும். ஏடுகளைக் காப்பது அம்மனந்திரும்புதலுக்கு வழி திறந்து வைப்பதாகும்.