கண்டிச் சிறையில் ஒரு குருவானவர்



துன்பம் வந்த வேளையில் மனிதன் எதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றான் என்னும் வினாவுக்குச் சமய நூல்கள் பல விடைகளைத் தருகின்றன. யான் அவற்றை ஆராய வரவில்லை. நமது ஈழநாட்டின் வரலாற்றிலேயே அவ்வினாவுக்கு வாழ்ந்து விடை கூறிய ஒருவரைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். அவர் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகளார்.

கொழும்பு 1656இலும், மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658இலும் ஒல்லாந்தர் கைப்பட்டன. அவர்களும் கிறித்தவர்களே, எனினும் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கர் யாவரும் போர்த்துக்கேயருக்கு அனுகூலமானவர் என்ற ஐயம் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1658இலேயே, கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று பறைசாற்றினர். போர்த்துக்கேயர் தம் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களை இடித்த கதையையும் நாம் மறைத்தல் கூடாது. அரசின் வாளைத் துணைக்கொண்டு பரவிய சமயம், அதே வாள் தன்மேல் திரும்பியபோது என்ன செய்தது என்பதே இங்குக் கவனிக்கற்பாலது.

குருமார் இல்லாத நிலை முப்பதாண்டு வரை நீடித்தது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறப்பவர்க்கு இறுதிச் சடங்கு செய்வாரும் இல்லை. வீட்டுக்குள் செபமாலை சொல்லியே மக்கள் தம் விசுவாசத்தைக் காத்தனர். படித்தவர்களைவிட எளிய குடிமக்களே இதில் உறுதியாய் நின்றனர் என்பது என் கருத்து.

இச்செய்தி கோவாவில் யோசேவாஸ் அடிகளாரின் செவிக்கு எட்டியது. 1651இல் பிறந்து 1676இல் குருப்பட்டம் பெற்றவர் அவர். 1687இல், கூலியாளைப் போல் உடை தரித்து, வெறுங்காலுடன், யோவான் என்னும் பணியாளன் ஒருவனை மட்டும் துணையாகக் கொண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடனே கடும் வயிற்றோட்டம் கண்டு சாவின் விளிம்புவரை சென்றார். தேறியபின், கழுத்தில் செபமாலையை அணிந்து பிச்சைக்காரன்போல் வீடுவீடாகச் சென்றார். அதைக் கண்டு எவர் முகம் மாறுகின்றது என்று பார்ப்பதே அவர் கத்தோலிக்கரை இனங்கண்ட வழி. சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். பகலில் மறைந்திருந்து இரவில் பூசை நிறைவேற்றினார். கொடுத்த அடைக்கலத்துக்கு உயிரே விலை என்பதை அறிந்தே அம்மக்கள் கதவைத் திறந்தனர். இதனை ஒரு வரியில் கடந்து செல்வது எனக்கு உடன்பாடன்று.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, 1690இல் அவர் புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டி நகருக்குப் புறப்பட்டார். அங்கே அவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று எவரோ கோள் மூட்டினர். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையில் இடுவித்தான்.

சிறையிலே அவர் செய்தது யாது? சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஒரு சிறு குடிசை அமைத்து, அதில் பீடம் எழுப்பிப் பூசை ஒப்புக்கொடுத்தார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் இருவராய் அங்கே வரத் தொடங்கினர். விடுதலையை எதிர்பார்த்து நாள்களை எண்ணியவர் இப்படி நடந்திரார். கடவுள் தம்மை எங்கு வைத்தாரோ அங்கேயே தமது பணி இருக்கின்றது என்று நம்பியவருக்கே இது கூடும். அமைதி என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் தொல்லை நீங்கிய நிலையை. அவர் கண்ட அமைதியோ தொல்லையின் நடுவே வேலை செய்யும் வலிமையாய் இருந்தது.

அதன் உண்மை 1697இல் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு கண்டி நகரில் வைசூரி பரவிற்று. நோய் கண்டவரை உற்றாரே காட்டில் விட்டு ஓடினர். அம்மை குத்தும் முறை அறியப்படாத காலம் அது. ஓடியவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அடிகளாரும் அவருடைய மருமகனாராகிய யோசே கார்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்க்குக் குடில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தவரைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தனர். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. பௌத்தனாகிய மன்னனும் இதனை மறக்கவில்லை. கிறித்தவ ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்தில் கிடைக்காத சமய சுதந்திரம், பௌத்த மன்னனின் மலைநாட்டில் அவருக்குக் கிடைத்தது.

இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தபின், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே உயிர்நீத்தார். பிறந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. 1995இல் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

அவர் வாழ்நாளிலேயே, 1705இல், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இங்கு வந்து சேர்ந்தார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய இவரே 'வியாகுல பிரசங்கம்' என்னும் தமிழ் நூலைத் தந்தவர். கிறிஸ்துநாதரின் பாடுகளைக் கூறும் அந்நூலைத் தவக்காலத்தில் நம் கரையோர ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். கடலில் மகனைப் பறிகொடுத்த தாய் அங்கே தேவமாதாவின் புலம்பலைக் கேட்டு அழுகின்றாள். அழுது முடிந்தபின் முந்தானையால் முகந்துடைத்து, அயல்வீட்டாளோடு பேசிக்கொண்டே வீடு திரும்புகின்றாள்.