நால்வர் சதுரங்கமும் கீழ்க்கரை அரசியலும்

பகடை உருட்டி நால்வர் ஆடும் சதுரங்கமொன்றை 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி விவரித்துள்ளார். இருவர் ஆட்டத்தினும் அது மூத்ததோ என்னும் வாதம் இங்கு வேண்டா. பிற்கால வங்க மரபில் நால்வரும் இருவர் இருவராய் நட்புப் பூண்டு ஆடினர். அதன் விதியொன்று சிந்திக்கத்தக்கது: நட்பரசனின் அரியணையைக் கைக்கொள்பவன் இரு படைகளுக்கும் தலைவனாவான்.

அறுகம்பேயையும் கல்முனையையும் உள்ளடக்கியிருந்த மட்டக்களப்புத் தேசம் இதனை மெய்யாகவே கண்டது. போர்த்துக்கேயரின் மட்டக்களப்புக் கோட்டை 1638 மே 18இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. மே 23இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் அவர்களோடு உடன்படிக்கை செய்தான். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்பது அவன் கொண்ட பொருள். அவ்விருப்பத்தைக் குறிக்கும் தொடரோ ஒல்லாந்தர் படியில் இல்லை! 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அந்நகர வாயில் மன்னனுக்குத் திறக்கப்படவில்லை.