வராமல் போன ஒரு சாலையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. அந்தக் காலத்துக் கடைசி பெஞ்சுக்காரர்கள் பாதியில் எழுந்து போனாலும் பரவாயில்லை, இப்போது வருகைப்பதிவு எடுப்பதில்லை.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பழைய மாணவர்கள் போன் செய்தார்கள். இருவரும் ஒரே வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். ஒருவன் இப்போது சாலைப் பணிகளுக்கு நிலம் அளக்கும் வேலையில் இருக்கிறான். இன்னொருவனின் தென்னந்தோப்புக்குள் பைபாஸ் சாலைக்காகக் கல் நட்டிருக்கிறார்கள்.

முதலாமவன் சொன்னான்: "ஜனங்களைக் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு ரோடும் போட முடியாது சார்."

இரண்டாமவன் சொன்னான்: "கருத்துக்கேட்புக் கூட்டம்னு கூப்பிட்டாங்க சார். போய்ப் பார்த்தா மேப்ல கோடு ஏற்கெனவே போட்டிருக்கு. இதுல நான் என்ன கருத்து சொல்றது?"

இருவருக்கும் அப்போது என்னால் நேரான பதில் சொல்ல முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று போனை வைத்துவிட்டேன். இந்தப் பதிவுதான் அந்தப் பதில்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் இப்போது அமெரிக்காவில், பாஸ்டன் நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஜமைக்கா ப்ளெய்ன் என்ற பகுதி. காலையில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பக்கத்துப் பூங்காவுக்குப் போவேன். சவுத்வெஸ்ட் காரிடார் பார்க் என்று பெயர். அகலம் கொஞ்சம்தான், நீளமோ சுமார் ஏழரை கிலோமீட்டர். ரிப்பனை விரித்துப் போட்டது போல இருக்கும். நடைபாதை, சைக்கிள் பாதை, பிள்ளைகள் விளையாடும் இடம், அக்கம்பக்கத்தார் பாத்தி கட்டித் தக்காளி போட்டிருக்கும் தோட்டம். பக்கத்திலேயே பள்ளத்தில் ரயில் ஓடும்.

இவ்வளவு ஒல்லியாக ஒரு பூங்காவை யார் திட்டமிட்டார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, யாரும் பூங்காவுக்காக இந்த இடத்தை எடுக்கவில்லை. இது ஒரு பெரிய நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்துக் காலி செய்த இடம். சாலை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் கதை.

1948இல் பாஸ்டன் வட்டாரம் முழுமைக்கும் ஒரு பெரிய நெடுஞ்சாலைத் திட்டம் தயாரானது. நகரத்தின் மையத்திலிருந்து வெளியூர்களுக்குச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல விரைவுச் சாலைகள். அவற்றை இணைக்க நகருக்குள்ளேயே ஒரு வளையச் சாலை. அதற்கு 'இன்னர் பெல்ட்' என்று பெயர். திட்டம் போட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நகரம் நெரிசலில் திணறியது; தொழில்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. சாலை போட்டால் ஊர் பிழைக்கும் என்று உண்மையாகவே நம்பினார்கள். 1956இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அந்த நம்பிக்கைக்குப் பணமும் கொடுத்தது. மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலை போட்டால் செலவில் 90 சதவீதம் வாஷிங்டன் தரும். பத்து ரூபாய் வேலைக்கு ஒரு ரூபாய் போட்டால் போதும் என்றால் எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்?

முதலில் முடிந்தது நகரின் நடுவே தூண்கள் மேல் போன ஒரு சாலை. 1959இல் முழுமையானது. அதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். இத்தாலியர்கள் வாழ்ந்த நார்த் எண்ட் பகுதி, சுவர் வைத்தது போல நகரிலிருந்து துண்டானது. சைனாடவுனின் ஒரு பகுதியும் போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1962இல் இன்னொரு சட்டம் வந்தது. 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களில், முழு வட்டாரத்துக்கும் சேர்த்து, தொடர்ச்சியாக, ஒத்துழைப்போடு போக்குவரத்தைத் திட்டமிட்டால்தான் சாலைப் பணம் கிடைக்கும் என்றது. நல்ல சட்டம். ஆனால் 'ஒத்துழைப்பு' என்று அது சொன்னது மாநில அரசுக்கும் உள்ளூர் நிர்வாகங்களுக்கும் இடையில். வீடு இழக்கப்போகிறவர் அந்த மேசையில் இல்லை.

1960களின் பிற்பாதியில் புல்டோசர்கள் ராக்ஸ்பரிக்கும் ஜமைக்கா ப்ளெய்னுக்கும் வந்தன. ராக்ஸ்பரியில் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வீடுகள், கடைகள், சிறு தொழிற்கூடங்கள் என்று நூற்றுக்கணக்கில் இடிந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜ் நகரில் இன்னர் பெல்ட் வந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர வேண்டியிருந்தது.

எதிர்ப்பு முதலில் ஒவ்வொரு தெருவாகத்தான் எழுந்தது. "எங்கள் தெரு வேண்டாம், அடுத்த தெரு வழியாகப் போ" என்ற எதிர்ப்பு. அதை அதிகாரிகளால் எளிதில் சமாளிக்க முடிந்தது. ஒரு தெருவை இன்னொரு தெருவுக்கு எதிராக நிறுத்தினால் வேலை முடிந்தது.

இரண்டு விஷயங்கள் அதை மாற்றின. ஒன்று, இளம் நகரத் திட்டமிடலாளர்களும் பொறியாளர்களும் 'அர்பன் பிளானிங் எய்ட்' என்ற அமைப்பைத் தொடங்கி மக்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். திட்ட அறிக்கையைச் சாதாரண ஆங்கிலத்தில் விளக்கினார்கள். துறை காட்டிய கணக்குகளைக் கேள்வி கேட்டார்கள். இரண்டாவது, கறுப்பர்கள், வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள், சதுப்பு நிலம் அழியும் என்று கவலைப்பட்ட புறநகர்வாசிகள், பாதிரியார்கள், பேராசிரியர்கள் எல்லாரும் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். மற்ற விஷயங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்கூட இதில் ஒன்றானார்கள். கேள்வியும் மாறியது. 'எந்தத் தெரு வழியாக' என்பது போய், 'இந்தச் சாலை எதற்கு' என்றானது.

1969 ஜனவரி 25 அன்று மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் முன் திரண்டார்கள். நெடுஞ்சாலையைவிட மனிதர்கள் முக்கியம் என்பதுதான் முழக்கம். ஆளுநர் பொறுப்புக்கு பிரான்சிஸ் சார்ஜென்ட் வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. அவர் யார் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன் இதே மாநிலத்தின் பொதுப்பணித் துறை ஆணையராக இருந்து இந்தச் சாலைகளுக்காக வாதாடியவர்.

அவர் ஒரு குழு அமைத்தார். எம்.ஐ.டி. பேராசிரியர் ஆலன் ஆல்ட்ஷுலர் அதன் தலைவர். குழுவின் அறிக்கையைப் படித்த சார்ஜென்ட் 1970 பிப்ரவரி 11 அன்று தொலைக்காட்சியில் தோன்றினார். நகரைச் சுற்றி அரைவட்டமாகப் போகும் 128ஆம் எண் சாலைக்கு உள்ளே பெரும்பாலான புதிய நெடுஞ்சாலை வேலைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். இதுவரை நினைத்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பதவியில் இருப்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தியதோடு விடவில்லை. அடுத்து 1971, 1972 ஆண்டுகளில் மொத்தப் போக்குவரத்துத் திட்டத்தையும் மறுபரிசீலனை செய்தார்கள். நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். பொறியாளர்கள், உள்ளூர் நிர்வாகங்கள், எதிர்த்தவர்கள், சாலை வேண்டும் என்றவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 'சாலையே போடாமல் இருப்பது' என்பதையும் ஒரு தேர்வாக வைத்து, மற்றத் தேர்வுகளைப் போலவே ஆராய்ந்தார்கள். 1972 இறுதியில் சார்ஜென்ட் முடிவைச் சொன்னார்: தென்மேற்கு விரைவுச்சாலை கைவிடப்படுகிறது. இன்னர் பெல்ட் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அந்தப் பணம் நெடுஞ்சாலைக்கு மட்டும் ஒதுக்கிய பணம். சாலை வேண்டாம் என்றால் பணமும் போய்விடும். மாசசூசெட்ஸ்காரர்கள் வாஷிங்டனில் போராடினார்கள். 1973இல் சட்டம் திருத்தப்பட்டது. கைவிட்ட நெடுஞ்சாலைக்கு ஈடான தொகையைப் பொதுப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நாடு முழுவதற்கும் வழி திறந்தது.

அந்தப் பணத்தில்தான் இன்று என் பேரன் கைகாட்டும் இந்த ரயில் பாதை வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்தப் பகுதி மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ரயில் தரைக்கு மேலேயா கீழேயா, வாசல் எந்தப் பக்கம், எங்கே மூடி மேலே பூங்கா போடுவது என்று எத்தனையோ கூட்டங்கள். 1987 மே மாதம் ஆரஞ்சு லைன் ரயில் இந்த வழியில் ஓடத் தொடங்கியது. இடித்த நிலத்தின் ஒரு பகுதியில் ராக்ஸ்பரி சமுதாயக் கல்லூரி எழுந்தது.

எல்லாம் சுபம் என்று முடித்தால் நான் வரலாற்று வாத்தியார் இல்லை. இடித்த இடம் பல ஆண்டுகள் கட்டாந்தரையாகக் கிடந்தது. வீடு போனவர்களுக்கு வீடு திரும்பி வரவில்லை. வடக்கே சாமர்வில் வழியாகப் போன ஒரு நெடுஞ்சாலை, ஏற்கெனவே வேலை நடந்துவிட்டது என்ற காரணத்தால், அந்தத் தடையிலிருந்து விலக்கு பெற்று முடிக்கப்பட்டது. அங்கே மக்களின் குரல் தாமதமாக எட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. ஆரஞ்சு லைன் முன்பு வாஷிங்டன் தெருவில் தூண்கள் மேல், ராக்ஸ்பரியின் நடுவே, இன்று நூபியன் சதுக்கம் எனப்படும் இடம் வழியாக ஓடியது. புதிய பாதை வந்ததும் அது மூடப்பட்டது. ஈடான சேவை தருவோம் என்றார்கள். 2002இல்தான் வந்தது, அதுவும் ரயில் அல்ல, பேருந்து. எல்லாரையும் கேட்ட திட்டத்தில்கூட, காரில்லாத ஏழைகளுக்கு நியாயம் குறைவாகவே கிடைத்தது.

சரி, இப்போது உங்கள் இருவருக்கும்.

நிலம் அளக்கும் தம்பிக்கு: கேட்டதால் பாஸ்டனில் வேலை நிற்கவில்லை, வேலை மாறியது. கேட்காமல் போட்ட சாலை என்ன ஆனது தெரியுமா? 1959இல் முடித்த அந்தத் தூண் சாலையை இடித்துப் பூமிக்கடியில் கொண்டுபோக சுமார் 1,500 கோடி டாலர் ஆனது. அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் பிரெட் சால்வுச்சி என்ற பொறியாளர். அவருடைய பாட்டியின் வீடே ஒரு நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. உன் துறைக்கும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும். 1991இல் அமெரிக்காவில் இருபதாண்டுத் திட்டம் போடும்போதே மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

தென்னந்தோப்புத் தம்பிக்கு: உன் கேள்வி சரியான கேள்வி. கோடு போட்ட பிறகு கேட்பது கேட்பதே அல்ல. ஆனால் "என் தோப்பு வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோடு உன் பக்கத்து வீட்டுக்காரன் தோப்புக்கு நகரும். ஊரோடு சேர். மேப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள். எதற்கு இந்தச் சாலை, வேறு என்ன வழி என்று கேள்.

என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் உங்களை இந்திய வரைபடத்தில் தேசிய நெடுஞ்சாலையைச் சிவப்புக் கோடாக வரையச் சொல்லி மதிப்பெண் போட்டேன். அந்தக் கோட்டுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கச் சொல்லித்தரவில்லை.

மேப் படிக்கத் தெரிந்த ஆள் எங்கே கிடைப்பான் என்று தேட வேண்டாம். உங்கள் இருவருக்கும் ஒருவர் எண்ணை மற்றவருக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். பேசிவிட்டு எனக்கும் சொல்லுங்கள். இங்கே அப்போது காலை நேரம், பேரனோடு பூங்காவில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்